அறை அறையாகப் பூத்த ஓர்கிட்

ஐம்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, கந்தோரில் நாலு பேர் "சேர்" என்று எழும்பி நிற்கும் அளவுக்கு ஒரு கதிரை. இத்தனையும் உள்ள ஒருவன் பூச்சட்டியொன்றை நெஞ்சோடு அணைத்தபடி, மனைவியை ஏமாற்றுவதற்காகத் தன் வீட்டுக்குள்ளேயே அறை அறையாக ஓடித்திரிந்தான் என்றால் நம்பமாட்டீர்கள். நம்புங்கள். அது நான்தான்.

"தன் வீடு" என்றதைத் திருத்திவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை கல்யாணத்தன்று ஒரு சூட்கேசோடு வந்து சேருகிறான். அதற்குப் பிறகு எத்தனை வருடம் போனாலும் அவன் நன்றாகக் கவனிக்கப்படும் ஒரு விருந்தாளி. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று வீட்டுக்காரி கட்டாருக்குப் போனாள். கல்முனையில் விருந்தாளி மட்டும் மிஞ்சினான். மூன்று மாதத்தில் வருகிறேன் என்றவள். இப்போது ஆறாவது மாதம்.

போகும்போது வாசலில் நின்று இரண்டு கட்டளைகள் இட்டாள். "ஓர்கிட்டுக்குக் கனக்கத் தண்ணி ஊத்திராதீங்க. சுகருக்கு டொக்டர் சொன்ன மாதிரி பின்னேரத்தில கடற்கரைப் பக்கம் நடங்க." முதலாவதை அன்பு மிகுதியால் மீறினேன், இரண்டாவதைச் சோம்பல் மிகுதியால். ஓர்கிட் வளர்ப்புப் பற்றி மூன்று புத்தகங்கள் தேடி வாசித்தேன். புத்தகத்துக்கு மூன்று செடியாக அழுகின. எஞ்சியது ஒன்று, வாய் உடைந்த ஒரு மண்சட்டியில்.

ஆளில்லாத வீட்டுக்குள்ளும் ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும். நானும் சொல்வேன். பிரிட்ஜ் உறுமும். வானவர்களான மலக்குகள் பதில் சொல்கிறார்கள் என்றுதான் நம்புகிறேன், ஆனால் "சாப்பிட்டீங்களா?" என்று அவர்கள் கேட்பதில்லை.

அப்படியொரு நாள் ஸலாம் சொல்லி நுழைந்தபோது அந்த ஒற்றைச் செடி பூத்திருந்தது. ஒரே தண்டில் ஏழெட்டு ஊதாப் பூக்கள். அன்றைய வீடியோ கோலில் அதை மேசையில் என் தோளுக்குப் பின்னால் தெரியும்படி வைத்தேன்.

"மாஷா அல்லாஹ்! பூத்திட்டா?" என்று முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். வழக்கமாக எங்கள் பேச்சில் முக்கால்வாசி பேத்தியின் வயிற்றுப்போக்காகத்தான் இருக்கும். அன்று ஐந்து நிமிடம் வீட்டைப் பற்றிக் கதைத்தாள். யன்னல் திரையைக் கழுவினேனா என்று ஏசினாள். எனக்குப் பிடிபட்டுவிட்டது: பூவைக் கண்டால் வீடு நினைவு வரும், வீடு நினைவு வந்தால் டிக்கெட் போடுவாள்.

அடுத்த நாள் அதே சட்டி யன்னலில் இருந்தது. அதற்கடுத்த நாள் மருதமுனைக் கைத்தறித் துணி விரித்த அலமாரியில், பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில், பிறகு மாடிப்படியில். "மற்றதும் பூத்திட்டு" என்று ஒவ்வொரு தரமும் அலட்சியமாகச் சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் அவள், "மாடிப்படியில வெச்சதக் காட்டுங்க" என்றாள். சட்டியோ குசினியில் இருந்தது. "சிக்னல் இல்ல புள்ள" என்று போனைக் குப்புறப் போட்டுவிட்டுச் சட்டியோடு ஓடினேன். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"என்ன இரைக்கிறீங்க?"

"சும்மா."

"இண்டைக்கு நடந்தீங்களா?"

"ஓம்" என்றேன். அன்றாடம் சொல்லும் பொய்தான்.

தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியாக வருவதாகச் சொன்ன மாதம் நெருங்கியது. நான் யன்னல் திரையைக் கழுவிப் போட்டேன். அப்போது சொன்னாள்:

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். மகள் வேலைக்குப் போகோணுமாம். உங்களுக்கென்ன கொற? வீடு நெறையப் பூத்துக் கிடக்கு."

பூவை வைத்து அவளை அழைக்கப் போய், அவள் அங்கேயே இருப்பதற்கான காரணத்தை நானே கிழமைக்கு ஏழு நாளும் ஜோடித்துக் காட்டியிருக்கிறேன். போனைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கரியும் தேங்காய்ப் பொச்சும் மட்டும் மிஞ்சிக் கிடந்த ஒன்பது சட்டிகளையும் வரிசையாகக் காட்டினேன்.

"இதுதான் உன்ட தோட்டம். பூத்தது ஒண்டே ஒண்டு. அதத்தான் தூக்கித் தூக்கி வெச்சன். நீ வா புள்ள."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டியபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"எனக்கு முதல் கிழமையே தெரியும். அந்தச் சட்டிட வாய உடைச்சதே நான்தானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"நடங்க நடங்க எண்டா நீங்க நடக்கிறல்ல. சட்டியத் தூக்கிட்டு மாடிக்கும் கீழுக்குமா ஓடினீங்க. சுகராவது கொஞ்சம் கொறையட்டும் எண்டு உட்டுட்டன்."