வெள்ளிக்கிழமை யாரும் சாவதில்லை

வெள்ளிக்கிழமை நாடகத்தில் யாரும் செத்ததாக நான் பார்த்ததில்லை. சாகப் போவார்கள். லொறி முட்ட வரும். பாலில் விஷம் இருக்கும், கோப்பை உதடு வரைக்கும் போய்விடும். அங்கே நிறுத்துவார்கள். முகத்தை மூன்று பக்கத்தால் காட்டுவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இடி இடிக்கும். பிறகு "தொடரும்" என்று போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை பார்த்தால் லொறி பிரேக் பிடித்திருக்கும். கோப்பையைப் பூனை தட்டிவிட்டிருக்கும்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது. வந்தது போகவில்லை.

என் மனைவி அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் என்று பேச்சு. மகளுக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் வீடு தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்று. நான் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கினேன். முதல் பஸ்ஸில் போனால் இருட்டும் நேரம்தான் வருவேன். அதுவரை மகளைப் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துக்கொண்டாள். கொழுந்து எடுக்கிறவள். வாய் நீளம். ஆனால் என் பிள்ளைக்கு ஒரு நாளும் சோறு போடாமல் விட்டதில்லை.

மனைவிக்கு ஒரு சின்னப் போன் இருந்தது. அதை வீட்டுக்கார மேடம் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். வெள்ளிக்கிழமை லீவு நாள். அன்று அவர்கள் குடும்பத்தோடு வெளியே போகும்போது எடுத்துக் கொடுப்பாள். திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வாள். எங்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நேரம்தான்.

லயத்துக்குள் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிக்கு ஏற வேண்டும். பெண்கள் உடுப்புக் கழுவும் இடம். அங்கே நின்று பேசினால் எல்லாருக்கும் கேட்கும். என்ன செய்வது, நின்றேன்.

நானும் பேச்சுக்காரன் இல்லை, அவளும் இல்லை.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"புள்ள?"

"சாப்டா."

"அங்க மழையா?"

"மழ."

அதோடு முடிந்துவிடும். இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்போம். மகள் போனை வாங்கி "அம்மா எப்ப வாரீங்க?" என்று கேட்பாள். "இந்தா வந்துருவேன்" என்று சத்தம் வரும்.

ஒரு நாள் மனைவி அவளாகக் கேட்டாள். "நாடகத்துல அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

எனக்குத் தெரியாது. நான் பார்ப்பதில்லை. பக்கத்துக் காம்பராக்காரி தொட்டியடியில் நின்று, "வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்கனு சொல்லுங்கண்ணே" என்று கத்தினாள். நான் சொன்னேன். மனைவி, "ஐயோ, புள்ளய என்ன பண்ணா?" என்று கேட்டாள். அவள் குரலில் உயிர் வந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

அதிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை முன் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். நாடகம் முடிந்ததும் தொட்டிக்கு ஏறுவேன். அவளுக்கு முடிச்சு சுடச்சுடக் கிடைக்கும். அவிழ்ப்பது ஒரு வாரம் ஆறித்தான் கிடைக்கும். அந்த ஒரு வாரமும் பாத்திரம் கழுவும்போது அதையே யோசிப்பதாகச் சொன்னாள்.

இரண்டு வருஷம் முடிந்தது. அவள் வரவில்லை.

அவளை அனுப்பிய ஏஜென்சி கண்டியில் இருந்தது. மாடி ஏறிப் போக வேண்டும். அங்கிருந்த மனுசன் மேசைக்குப் பின்னால் இருந்தபடி, "தம்பி, இப்ப நோம்பு மாசம். வீட்ல வேல கூட. பெருநாள் முடியட்டும், டிக்கட் வந்துரும்" என்றான். பெருநாள் முடிந்தது. "மேடத்தோட மகளுக்குக் கலியாணம். அந்த நேரம் எப்பிடி விடுவாங்க? நீங்களே சொல்லுங்க." கலியாணமும் முடிந்தது. "புது ஆள் வரப் போகுது. வந்து ரெண்டு நாள் வேல பழகட்டும்."

நான் ஒவ்வொரு தடவையும் "சரி சேர்" என்று இறங்கினேன்.

அந்த நேரத்தில்தான் நாடகக்காரர்கள் பெரிய வேலையைச் செய்தார்கள்.

கதையில் துரத்தப்பட்ட பெண் ஊரெல்லாம் அலைந்து, தன் பிள்ளை இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். மழை கொட்டுகிறது. பெல் அடிக்கிறாள். உள்ளே பிள்ளை ஓடி வரும் சத்தம். கதவின் கைபிடி திரும்புகிறது. நிறுத்தினார்கள். இடி இடித்தது. "தொடரும்" வரவில்லை. "முதல் பாகம் நிறைவு. இரண்டாம் பாகம் விரைவில்" என்று வந்தது.

லயமே கத்தியது. பக்கத்துக் காம்பராக்காரி வாசலுக்கு வந்து யாருக்கென்று இல்லாமல் ஏசினாள். "இவனுங்க வெளங்குவானுங்களா? அந்தக் கதவத் தொறந்துட்டுப் போனா கையா அழுகிப் போகும்?"

மகள் என்னைக் கேட்டாள். "கதவத் தொறந்தாங்களா, இல்லியா?"

"தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"சொல்லல."

"அம்மா மாதிரியே சொல்லல" என்றாள். அன்று அவள் தொட்டிக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் கூப்பிட்டால், "நீங்களே பேசுங்க" என்பாள்.

அன்று நான் மட்டும் ஏறி நிற்கும்போது போன் அடித்தது. மனைவியின் குரல் சரியில்லை. கையில் எண்ணெய் கொட்டிவிட்டது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை, ஏதோ களிம்பு கொடுத்தார்கள் என்றாள். பிறகு, "கதைய சொல்லுங்க" என்றாள். கைபிடி திரும்பியது வரைக்கும் சொன்னேன்.

"அடுத்த வாரம் கதவத் தொறந்தது யாருன்னு தெரிஞ்சிரும், என்ன?"

நாடகம் நின்றுவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சிரும்" என்றேன்.

அப்படித்தான் நான் கதை கட்டத் தொடங்கினேன்.

அடுத்த வெள்ளி கதவைத் திறந்தேன். கதவைத் திறந்தது மாமியார்க்காரி. அவளுக்கு இப்போது கண் தெரியாது. மருமகள் என்று தெரியாமல் வேலைக்காரியாக வைத்துக்கொள்கிறாள். பெற்ற பிள்ளைக்கே இவள் வேலைக்காரி. பிள்ளை இவளை "ஏய், தண்ணி கொண்டா" என்கிறது. அங்கே நிறுத்தினேன்.

மனைவி அழுதாள். "பாவிங்க. பொறவு?"

"அடுத்த வெள்ளி."

"நீங்களும் அவனுங்கள மாதிரியே ஆயிட்டீங்க" என்று அழுகையோடு சிரித்தாள்.

கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பராக்காரி கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அண்ணே, இது எந்தச் சேனல்ல போகுது?"

"போற சேனல்ல போகுது. நீ துணிய அலசு."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தொட்டியடியில் அழுக்குத் துணி கூடிப்போனது. கழுவின துணியையே கொண்டுவந்து கழுவினார்கள். "கெழவிக்குக் கண்ணப் பிடுங்கினீங்க பாருங்க, நல்லா வேணும் அவளுக்கு" என்றார்கள். "டைரக்டர் வாராரு, வழி விடுங்கடி" என்றார்கள்.

கதை கட்டுவது கஷ்டம் இல்லை. மூட்டை தூக்குவதை விட லேசு. ஒரு கதவைக் காட்டினால் போதும். பின்னால் யார் நிற்கிறார் என்று காட்டும்போது எனக்கே தெரியாது. அதைத் திங்கட்கிழமை கடையில் யோசித்துக்கொள்வேன். கேட்கிறவள் நமக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையில்தான் ஒரு வாரம் ஓடுகிறது. நாடகக்காரன் பெரிய மூளைக்காரன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

மாதக்கணக்கில் இப்படி ஓடிய பிறகு ஒரு நாள் மறுபடியும் ஏஜென்சிக்கு ஏறினேன்.

"சேர், எந்தத் தேதி? தேதிய மட்டும் சொல்லுங்க."

"வந்துரும் தம்பி. இந்தா, இப்ப கூட போன் வரலாம்." சொல்லிக்கொண்டே மேசையில் இருந்த போனைப் பார்த்தான். அது அடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. தொட்டியடியில் நின்று "அடுத்த வெள்ளி" என்று சொல்லும்போது என் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும். இவனுக்கு ஒன்றும் தெரியாது. தேதியும் தெரியாது, டிக்கட்டும் தெரியாது. நோன்பு, கலியாணம், புது ஆள் என்று ஒவ்வொரு கதவாகக் காட்டுகிறான். நானும் நம்பி இறங்கிப் போகிறேன். அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. அடித்தால் அவளைக் கொண்டுவர வேறு ஆள் இல்லை.

அந்த வெள்ளி மனைவி சொன்னாள். "மேடம் இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல. வெள்ளிக்கு வெள்ளி ஓடிருதுங்க. கத கேட்டா அந்த வாரம் தெரியுறதில்ல. சரி, அந்தப் புள்ளைக்கு அம்மா யாருன்னு தெரிஞ்சிருச்சா? சொல்லுங்க."

அவளுக்கு ஆறுதல் என்று நினைத்து நான் கட்டிய கதை அந்த வீட்டுக்காரிக்கு வேலை பார்த்திருக்கிறது. ஒரு வாரத்தைத் தள்ள நான் உதவினேன். அப்படித் தள்ளித் தள்ளி ஒரு வருஷம் போய்விட்டது. இன்னொரு வருஷத்துக்கும் என் கதையை நம்பிக்கொண்டு நிற்கிறாள்.

"தெரிஞ்சிருச்சு" என்றேன். "நான்தான் உன் அம்மானு இவளே சொல்லிட்டா. கெழவி முன்னுக்கே சொன்னா. புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. முடிஞ்சுது."

"பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்ல. கத முடிஞ்சுது."

"என்னங்க இது, திடீர்னு? அடுத்த வெள்ளி?"

"அடுத்த வெள்ளி கத இல்ல. இங்க உன் புள்ள போனுக்கு வாரதில்ல, தெரியுமா? நீ எப்ப வார? தேதி தெரிஞ்சா எனக்குப் போன் எடு. தெரியாட்டி எடுக்காத."

போனை நானே வெட்டினேன்.

பக்கத்துக் காம்பராக்காரி எழும்பி வந்தாள். "மனுசனா நீங்க? அவளுக்கு அங்க இருந்ததே அது ஒண்ணுதான்."

"அதுக்குத்தான் வெட்டினேன்."

"அவ ஏதாச்சும் பண்ணிக்கிட்டா?"

நான் இறங்கினேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. காம்பராக்காரியிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

அடுத்த வெள்ளி தொட்டியில் நின்றேன். போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் அடிக்கவில்லை. யாரும் துணி கொண்டுவரவில்லை. நான் மட்டும் நின்றேன்.

அந்த இடைவெளியில் இரண்டாம் பாகம் வந்தது. லயமே உட்கார்ந்து பார்த்தது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அந்தப் பெண் பஸ்ஸில் தூங்கிக் கனவு கண்டாளாம். அதோடு, நடித்த பெண்ணும் மாறிவிட்டாள். இவருக்குப் பதில் இனி இவர் என்று கீழே எழுத்து ஓடியது. அவ்வளவு நாளும் காத்துக் கிடந்த சனத்துக்குக் கொடுத்தது அதுதான். ஒரு வெட்கம் இல்லை.

மகள் டீவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நம்ம அம்மா மூஞ்சியும் மாறியிருக்குமா?"

டீவியை அணைத்தேன். அவள் கத்தினாள். கத்தட்டும் என்று விட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் மூட்டை தோளில் இருக்கும்போது போன் அடித்தது. செவ்வாய்க்கிழமை அவள் போன் பேசியதே இல்லை. மூட்டையைக் கீழே போட்டேன்.

"நான்தான்" என்றாள். "நேத்துக் காலையில அடுப்ப அணைச்சேன். பேக்க கட்டி முன் கதவுல வச்சு அது மேல ஒக்காந்துட்டேன். டிக்கட் குடுத்தாத்தான் எழும்புவேன்னுட்டேன்."

"அடிச்சாங்களா?"

"கத்தினாங்க. நானும் கத்தினேன். எனக்கு அவங்க பாஷ வராத நேரம் தமிழ்லயே கத்தினேன். வெளங்கிருச்சு. டிக்கட் போட்டுட்டாங்க. போனையும் குடுத்துட்டாங்க."

"தேதி?"

சொன்னாள்.

"சரி" என்றேன்.

"சரியா? அவ்வளவுதானா?"

"வா."

கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு மகளையும் கூட்டிப் போனேன். மனைவி மெலிந்துபோயிருந்தாள். கையில் எண்ணெய் பட்ட இடம் கறுத்துக் கிடந்தது. மகள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பின்னால் போய் நின்றுகொண்டாள். மனைவி நீட்டிய கையைக் கீழே விட்டாள்.

கண்டி பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். "போன வெட்டினீங்கள்ல. அன்னிக்கிருந்து உங்களத்தான் திட்டினேன். சட்டி கழுவும்போது திட்டினேன். மாப் போடும்போது திட்டினேன். அந்தக் கோவம்தான் பேக்கக் கட்ட வச்சது."

"நல்லது."

"நல்லதா? வாயப் பாரு. நாடகம் நின்னது எனக்கு அப்பவே தெரியும். பக்கத்து வீட்டு வேலைக்காரப் பொண்ணு சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"நீங்க பேசினீங்கள்ல. கேட்டேன்."

நான் வெளியே பார்த்தேன்.

மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நெருங்கி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் போகச் சொல்லி மனைவி முதலிலேயே சொன்னாள். மகள் கேட்கவில்லை. "எப்பத் திரும்பிப் போவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"போக மாட்டேன்."

"சும்மா சொல்றீங்க."

நம்பவில்லை. எப்படி நம்புவாள்? "இந்தா வந்துருவேன்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. ஏஜென்சிக்காரன், மேடம், டீவி, நான், எல்லாரும் சேர்ந்து பழக்கியது. எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மகள் குமட்டிச் சத்தி எடுத்தாள். தன் சட்டையிலும் எடுத்தாள், அம்மாவின் புதுச் சாரியிலும் எடுத்தாள்.

"ஜன்னல் பக்கம் ஒக்காரச் சொன்னேன்ல!" மனைவி போட்ட சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தான். "சொன்னாக் கேக்கணும்! வாயத் தொட, இங்க திரும்பு!"

"நீங்க யாரு எனக்குச் சொல்றதுக்கு?"

"யாரா? பல்ல ஒடச்சுருவேன். திரும்புடி!"

மகள் அழுதுகொண்டே திரும்பினாள். மனைவி முந்தானையால் அவள் மூஞ்சியை அழுத்தித் துடைத்தாள். மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மனைவி மறுபடியும் துடைத்தாள். சட்டையை யார் கழுவுவது, சாரியை யார் பாழாக்கியது, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பேராதனை தாண்டியும் இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். நான் இடையில் பேசவில்லை. கண்டி வந்ததும் பேக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினேன்.