பிறக்காத பிள்ளைக்கு வைத்த பேர்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. அதனால் பிள்ளை பிறக்கும்வரை பேர் பேசக்கூடாது, துணிகூட வாங்கக்கூடாது என்று வீட்டில் கட்டுப்பாடு.

அவள் தம்பி எங்களோடு இருந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை. சிறுவயதில் ஆடிய விளையாட்டு ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தான். புது மெஷினில் அது நேராக ஓடாதாம். எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டு, பழைய மெஷின்தான் என்று விளையாட்டை நம்பவைக்க வேண்டுமாம். கோட்டை, காடு என்று நான்கு பேர் சுற்றும் கதை. பேர் நாமே வைக்கலாம். எங்கள் மூவர் பேரையும் வைத்திருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நால்வரையும் சத்திரத்தில் தூங்கவிட்டு, மெஷினை நிறுத்தாமல் எங்களோடு சிறுவாபுரி முருகனைப் பார்க்க வந்துவிட்டான். மதியம் திரும்பிக் கதவைத் திறந்தால், பூட்டிய வீட்டுக்குள் பூச்சி கத்துவதுபோல் சத்தம். திரையில் சத்திரத்து ஜன்னல் இருட்டுவதும் வெளுப்பதுமாக, கண் இமைப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது?"

"புது மெஷினு வேகத்த கொறைக்க மறந்துட்டேன் மாமா. உள்ள வருஷம் வருஷமா ஓடிக்கினு கீது."

ஏதோ பட்டனைத் தட்டினான். எங்கள் மூவர் பேருக்கும் பக்கத்தில் மண்டையோடு. கிழடாகிச் செத்துவிட்டோமாம். எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், உலை பக்கத்தில்.

"நாலாவது யாருடா?" என்றாள் மனைவி.

அவன் தலையைத் தூக்கவில்லை. "திட்டாதக்கா. பொறக்கப்போறதுக்குத்தான். சின்னப் புள்ளையாத்தான் வச்சேன்."

மூன்று கட்டில்களுக்கு நடுவே நரைத்த உருவம் ஒன்று தனியாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"நிறுத்துடா," என்றேன். அவன் கை சுவிட்சுக்குப் போனது. மனைவி எட்டிப் பிடித்தாள்.

"அதுக்கு வயசு இன்னா போட்டுக்கீது?"

"எழுபத்தெட்டு."

"நாம யாரும் இல்ல. அது மட்டும் கீதா?"

"கீதுக்கா."

மடியிலிருந்த பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடிமேல் அந்த நரைத்த நெற்றிக்கு விபூதி வைத்தாள்.

"அழிக்காத. அப்டியே சேவ் பண்ணு."

"மாமா பேரு மண்டையோட்டோட கீதேக்கா."

"இருக்கட்டும். நாங்க முன்னாடி போறதுதான மொற."

நானும் திரையைப் பார்த்துக் கைகூப்பினேன். பிறகு ஷிப்டுக்குச் சட்டை மாற்றினேன்.