தேசம்மா அண்ணி குலுக்கிய எட்டு மட்டி ஓடுகள்

ஆயுத பூஜைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பொன்னேரியில் நண்டுக் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி கௌரி போன் செய்தாள். "அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாங்க, அவ்ளோதான். சீக்கிரம் வாங்க" என்றாள். என் அண்ணியைத்தான் அவள் அக்கா என்பாள். மீதிக் கூடைகளையும் ஏற்றி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பாதியில் விட்டிருந்தால் நண்டு வெயிலில் செத்திருக்கும். அண்ணியே எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

மகளிர் குழுவினர் போடும் நினைவு மலருக்கு அண்ணியைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு வியாபாரம் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் தேசம்மா அண்ணியோடு முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவன் நான். என் அண்ணனுடைய மனைவி. வயதில் என்னைவிட ஒரு வருடம் சின்னவர், முறையில் பெரியவர். அந்த ஒரு வருடத்துக்காக அவர் ஒருநாளும் எனக்கு அடங்கிப் போனதில்லை. கோபம் வந்தால் 'தம்பி' என்பார். கேலி செய்யத் தோன்றினால் 'முதலாளி' என்பார். முதலாளிதான் அதிகம்.

ஏரிக்கு நடுவே தீவாகக் கிடக்கும் நம் பசியாவரத்தில் மழைக்காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பி ஏரித் தண்ணீர் ஏறினால் படகு போகாது. கேஸ் சிலிண்டர் அக்கரையிலேயே நிற்கும். அதற்கு முன் விறகு சேரவேண்டும், தண்ணீர் டிரம் நிறையவேண்டும், கருவாடு காய்ந்து பானைக்குள் போகவேண்டும், மிளகாய் அரைபடவேண்டும், பனிக்குக் கம்பளிகளைத் துவைத்துக் காயவைக்கவேண்டும். எல்லா வீட்டிலும் இதைப் பெண்கள்தான் செய்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, அண்ணி ஒருநாள் பழைய மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் உட்காரும்வரை.

டப்பாவுக்குள் மட்டிச் சிப்பியின் ஓடுகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நகச்சாயத்தில் கோடு. ஒரு கோடு விறகு, இரண்டு கோடு தண்ணீர், இப்படி எட்டு வேலைக்கு எட்டு ஓடு. வீட்டில் பெரியவர்கள் எட்டுப் பேர். அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், கௌரி, நான். "ஏரியில இன்னிக்கி யாரு எங்க வலை போடறதுன்னு சீட்டு குலுக்கி பாடு பிரிக்கிறீங்க இல்ல? ஊட்லயும் அதான். கைய வுடுங்க" என்றார்.

நான் சிரித்தேன். "அண்ணி, நான் மெட்ராசுக்கு நண்டு அனுப்புறவன்" என்றேன்.

"அனுப்பு. யாரு வேணான்னா? மெட்ராசுக்குத்தான் நீ முதலாளி. இங்க நீயும் ஒரு ஓடு" என்றார்.

அந்த வருடம் கம்பளி துவைக்கும் ஓடு அண்ணனுக்கு வந்தது. முப்பது வருடமாகக் கடலுக்கும் ஏரிக்கும் போகிற மனிதர், கைப்பம்பு அருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கம்பளி கும்மினார். தண்ணீர் பிடிக்க வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "இன்னா மாமா, பொண்டாட்டி தொரத்திட்டாளா?" என்று ஒருத்தி கேட்டாள். வீட்டு வாசலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "தொரத்தல. போத்திக்கினு தூங்கறாரு இல்ல, அதான் துவைக்கிறாரு. உன் ஊட்டுக்காரரு போத்திக்கிறதே இல்லியா?" அடுத்த வருடம் அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் ஓடு குலுக்கினார்கள்.

இனி என்னுடைய தப்பைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதினால் அது வியாபாரப் பேச்சாகிவிடும்.

நான்கு வருடத்துக்கு முன் எனக்கு விறகு ஓடு வந்தது. நண்டு நல்ல விலை போய்க்கொண்டிருந்த சமயம். அக்கரையில் உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலிருந்து இரண்டு ஆட்களைக் கூலிக்குப் பிடித்து அனுப்பினேன். சவுக்கு மிளாறுக் கிளைகளைக் கொண்டுவந்து, வீட்டின் வடக்குச் சுவரோரம் தரையிலேயே அழகாக அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். போட்டோவில் பார்த்தேன். வெகு நேர்த்தி. அவர்கள் நெல் விளைகிற ஊர்க்காரர்கள், மழை மேலிருந்து மட்டும்தான் வரும் என்று நினைத்துவிட்டார்கள். நம் ஊரில் தண்ணீர் கீழிருந்தும் வரும், வாடை தார்ப்பாயைத் தூக்கிப் பக்கவாட்டிலும் அடிக்கும். அதற்காகத்தான் விறகுக்கென்று உயரத்தில் பரண் கட்டியிருக்கிறது.

வந்தது ஐந்து நாள் மழை. அப்போது என் மகள் பிரியா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குப் பதினோரு நாள். இரண்டாம் நாளே சிலிண்டர் தீர்ந்தது. பக்கத்து வீடுகளிலும் அதே கதை. விறகைப் பிரித்தால் பிழிகிற மாதிரி ஈரம். புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் இல்லை, கஞ்சி இல்லை. குழந்தையின் கால் சில்லிட்டிருந்தது. அடுப்பின் முன் மண்ணெண்ணெய்ப் புட்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன், ஊதி ஊதிக் கண் எரிந்தது.

அண்ணி எழுந்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி, தன் ஆட்டுக் கொட்டகைக்குப் போனார். மேல்கூரையைத் தாங்கிய சவுக்குக் கழிகள் உள்ளே உலர்ந்திருந்தன. கொட்டகையைப் பிரித்துக் கழிகளை வெட்டி உள்ளே கொண்டுவந்தார். அடுப்பு எரிந்தது. பிறகு மூன்று ஆடுகளையும் இழுத்துக்கொண்டு வந்து, நான் புதிதாக டைல்ஸ் போட்டு சோபா வாங்கிப் போட்டிருந்த என் அறையில் கட்டினார்.

"அண்ணி, இங்கயா?" என்றேன்.

"பின்ன எங்க? இதுங்க ஊட்ட எரிச்சிதான உன் பேரனுக்கு வெந்நி வச்சேன்?" என்றார். அதன்பிறகுதான் அந்தத் 'தம்பி' வந்தது. "தம்பி, போன மாசம் ஊர்க் கூட்டத்துல நீதான எழுந்து கத்துன? ஒருத்தன் தன் பாட்ட வெளியாளுக்கு வுட்டுட்டான்னு, அவன் தொழிலே செய்யக் கூடாதுன்னு கத்துன. ஊருக்கு ஒரு பாடு, ஊட்டுக்கு ஒரு பாடா?"

ஆடுகள் பன்னிரண்டு நாள் என் அறையில் இருந்தன. ஆள் வைத்துக் கொட்டகை கட்ட அண்ணி விடவில்லை. நானே கட்டினேன். முதல் தடவை சாய்ந்தது. "முதலாளி, ஆடுங்க சிரிக்குது" என்றார். இரண்டாம் தடவை நின்றது.

இந்த வருடம் அண்ணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, செல்போனில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தது. வீட்டில் ஒரு வேலையும் தொடங்கவில்லை. அண்ணியின் மூத்த மகன் சொன்னான்: "சித்தப்பா, இந்த வருஷம் ஆள வச்சிக்கலாம். அம்மாவே இல்ல. இன்னாத்த குலுக்கறது?" மருமகள்கள் தலை குனிந்திருந்தார்கள். அண்ணன் வலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று விட்டால் இந்தக் குலுக்கல் போய்விடும், பிறகு யார் கேட்டாலும் வராது என்று எனக்குத் தெரிந்தது. ஒருமுறை கைமாறிய வாடிக்கை திரும்ப வராது என்பதைக் கற்றுக்கொண்டுதான் நான் தொழிலில் நிற்கிறேன்.

உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்து குலுக்கினேன். "கைய வுடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது.

முதலில் அண்ணன் எடுத்தார். கம்பளி. பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று சிரித்துவிட்டார். "எனக்குன்னே எடுத்து வச்சிட்டுப் போயிருக்கா பாரு" என்றார். அவர் சிரித்த பிறகு மற்றவர்கள் எடுத்தார்கள். எனக்குத் தண்ணீர் டிரம். ஏழு பேரும் எடுத்தபின் டப்பாவின் அடியில் ஒரு ஓடு கிடந்தது. ஒரு கோடு. விறகு.

யாரும் கையை நீட்டவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பொன்னேரிக்குப் போகவில்லை. தண்ணீர் டிரம்களை நிரப்பினேன். மிளாறை வெட்டிக் கட்டு கட்டாகக் கொண்டுவந்து, என் கையாலேயே பரணில் ஏற்றினேன். கடைசிக் கட்டு ஏறும்போது முதல் தூறல் விழுந்தது. இறங்கிவந்து அண்ணனிடம், "விறகு இனி எப்பவும் என்னுதுண்ணே. இந்த ஓட்ட நானே வச்சிக்கறேன்" என்றேன்.

"அதெல்லாம் கெடையாது. குலுக்கல்னா குலுக்கல்தான். டப்பால போடுடா" என்றார்.

போட்டுவிட்டேன். எட்டும் உள்ளே இருக்கின்றன.

என் சோபாவின் ஒரு மூலையில் ஆடு கடித்த இடம் இருக்கிறது. நான்கு வருடமாக மாற்றச் சொல்லிக் கௌரி கேட்கிறாள், மாற்றப்போவதில்லை. அண்ணியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கடியும் ஒரு தீர்மானமும்தான். என் கைக்கு எந்த ஓடு வந்தாலும் அந்த வேலைக்கு நானே போவேன். அண்ணியின் பங்காக டப்பாவில் மிச்சம் நிற்கும் ஓடு எதுவோ, அதற்கும் நான்.