இரவல் பெயர்

அந்த ஒரு வாரத்தில் எங்கள் பள்ளிக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன, கண் பரிசோதனை முகாம் நடந்தது, விளையாட்டுப் போட்டி நடந்தது, ஆண்டு விழாவும் நடந்தது. இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற தொடக்கப்பள்ளிக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாவற்றையும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். வட்டாரக் கல்வி அலுவலர் ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டும் பொம்மை அனுப்பினார். இன்றைக்கும் யாராவது அந்த வாரத்தின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து நோட்டுத் திருத்தப் போய்விடுவேன்.

பள்ளி குடிகாட்டைத் தாண்டி, சிதம்பரம் சாலையிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. காற்று வடக்கே இருந்து அடித்தால் ரசாயனக் கம்பெனி வாடை வரும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துவோம். தலைமையாசிரியருக்கு முதல் மூன்று வகுப்புகள், எனக்கு நான்கும் ஐந்தும் என்று காகிதத்தில் இருக்கும். நடைமுறையில் அவருக்குச் செல்போன், எனக்கு ஐந்து வகுப்பும். அவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் வருகைப் பதிவு, பிறகு காலை உணவுப் பதிவு, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்ற பதிவு, அதற்குப் படம் என்று கல்வித்துறை ஆப்புக்குள்ளேயே அவர் குடியிருக்க வேண்டிய நிலைமை.

அந்தச் சிறுமி காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பண்ருட்டியிலிருந்து வந்தாள். ஐந்தாம் வகுப்பு. அவளுடைய அம்மா அங்கே முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையில் இருந்தவர். கொட்டைப் பால் பட்டு விரல்கள் கருத்திருக்கும். வீட்டில் ஏதோ தகராறு என்று மகளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். குடிகாட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சேர்க்கைப் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் இருந்த மையை வெகுநேரம் முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிறுமி வந்துவிட்டாள், பெயர் வரவில்லை. பழைய பள்ளியிலிருந்து அவளை ஆப்பில் விடுவித்தால்தான் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் விடுவிக்கத் தயார்தான், ஆனால் அதற்கான ஓடிபி பழைய தலைமையாசிரியையின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கும் புதியவருக்கும் என்ன பகையோ, நம்பர் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆக, எங்கள் பள்ளியில் சாப்பிட்டு, எங்கள் பள்ளியில் படித்து, ஆப்பின்படி அவள் பண்ருட்டியில் இருந்தாள். என்னுடைய வருகைப் பதிவேட்டின் கடைசி வரியில் பென்சிலால் அவள் பெயரை எழுதி வைத்திருந்தேன். காலை உணவும் அவள் பெயருக்கு வராது. சமையல் செய்கிற அக்கா தினமும் எல்லாத் தட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து அவளுக்கு ஒரு கரண்டி ஒப்பேற்றினார்.

இப்படிப்பட்ட பெண்தான் எங்கள் பள்ளியிலேயே நன்றாகக் கதை சொன்னாள். முந்திரிக்கொட்டை ஏன் பழத்துக்கு வெளியே வந்து தொங்குகிறது என்று ஒரு கதை. பழத்துக்குள் இருந்த கொட்டைக்கு வெளியே பலாப்பழ லாரிகள் போகிற சத்தம் கேட்கிறது. ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வருகிறது. வந்தபின் வாசல் மூடிக்கொள்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். கொட்டை உடைக்கிற இடத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தபோது தானே யோசித்ததாகச் சொன்னாள். லாரி ஹாரனையும் தரகர் சத்தத்தையும் அவள் வாயாலேயே கொண்டுவருவாள். நான் அவ்வளவு சுலபமாகச் சிரிக்கிற ஆளில்லை, சிரித்துவிட்டேன்.

கதை சொல்லும் போட்டிக்கு அவளை அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். அவருடைய அக்கா பிள்ளைகள் பிரைவேட் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த வீட்டில் எங்கே திரும்பினாலும் அவர்கள் வாங்கிய சான்றிதழ்கள்தான். "எம் பொண்ணு பேரு போட்டு ஒரே ஒரு காயிதம் வாங்கிக் குடுங்க டீச்சர். அந்த வீட்டுல நாங்களும் மனுசங்கன்னு இருக்கட்டும்" என்றார். வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

போட்டிக்குப் பெயர் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆப் காட்டுகிற பட்டியலிலிருந்துதான் பெயரைத் தேர்ந்தெடுக்க முடியும், பட்டியலில் அவள் இல்லை. தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை. யாராவது ஒரு பிள்ளையின் பெயரில் போட்டு அனுப்புங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம், எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் அட்ஜஸ்ட் பண்ணுகிறார்கள் என்றார். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். நானும் பட்டியலில் விரலை ஓட்டி, எந்தப் போட்டிக்கும் வராத, கேட்டால் மட்டும் வாய் திறக்கிற இன்னொரு ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அவள் பெயர் காலியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு குழந்தையைப் பற்றி அப்படி நினைத்தவள் நான்தான், இதில் ஆப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை வட்டாரப் போட்டி. குள்ளஞ்சாவடி வழியாகக் குறிஞ்சிப்பாடிக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்குப் பாடம் எடுத்தேன். பெயர் கேட்டால் இந்தப் பெயரைச் சொல், கூப்பிட்டால் இந்தப் பெயருக்கு எழுந்திரு. இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். "எம் பேரு வந்ததும் மாத்திடுவீங்கல்ல டீச்சர்?" என்று கேட்டாள். மாற்றிவிடுவேன் என்றேன். முதல் பரிசு அவளுக்குத்தான். நடுவராக வந்திருந்த ஆசிரியை தரகர் சத்தத்தை இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கண் முகாம். பட்டியலில் பெயர் இருக்கிற பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், இவளைக் கடைசியில் ஓசியில் பார்த்தார்கள். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

நான் அன்று மதியம் பழைய தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி. அதற்குள் பெயர் வந்துவிட்டால் பட்டியலைத் திருத்திவிடலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. புதன்கிழமை மூன்று முறை செய்தேன். மைதானத்தில் சாக்கு ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போது எடுத்தார். பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பள்ளியில் தன்னை எப்படி அவமானப்படுத்தினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வெயிலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். சாயங்காலம் நம்பர் வந்தால் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். கரண்டியில் எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்த ஒரு பொடியன் என் காலில் இடித்து விழுந்தான். அவனைத் தேவையில்லாமல் திட்டினேன்.

அன்று மாலை அந்த இன்னொரு பெண், பெயர்க்காரி, என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தலைமையாசிரியர் பெற்றோர் குழுவில் போட்ட வாழ்த்தை அவள் அப்பா பார்த்துவிட்டாராம். கம்பெனி வாசலில் லோடு ஏற்றுகிறவர் அவர். மகள் கதையில் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். "நான் இல்லன்னு சொன்னேன் டீச்சர். கூச்சப்பட்டுக்கிட்டு சொல்றேன்னு நெனச்சிட்டாரு" என்றாள். அவரிடம் நானே பேசுகிறேன் என்று அனுப்பிவைத்தேன். பேசவில்லை. அடுத்த நாள் ஆண்டு விழா, பந்தல்காரர் வந்து நின்றார், அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஓடிபி வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை.

ஆண்டு விழாவுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். சாமியானா, மைக் செட், சுண்டல், எல்லாம் ஒழுங்காக இருந்தன. சிறுமியின் அம்மாவுக்கு ஷிப்ட், வர முடியவில்லை. பெயர்க்காரியின் அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பாக்கள், ஒரு மாமா எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடையில் பரிசுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் பட்டியலைப் பார்த்து மைக்கில் வாசித்தார்: கதை சொல்லும் போட்டி, வட்டார அளவில் முதலிடம். பெயரையும் வாசித்தார்.

இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒருத்தி அது தன் பெயர் என்பதால் எழுந்தாள்; இன்னொருத்தி அந்தப் பெயருக்கு எழுந்திரு என்று நான் பழக்கியிருந்ததால் எழுந்தாள். முன்வரிசை கைதட்டியது. சிறுமி முன்வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அவளும் கைதட்டினாள். பெயர்க்காரி அழுதுவிடுகிற முகத்தோடு மேடைக்கு வந்தாள். அலுவலர் கோப்பையைக் கொடுத்து முதுகில் தட்டினார். அவள் அப்பா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் படம் எடுத்தார். மைக் எனக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது.

விழா முடிந்ததும் கோப்பை பள்ளிக்குச் சொந்தம் என்று தலைமையாசிரியர் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். யாருக்கும் வருத்தமில்லாமல் முடித்துவிட்டதாக அவருக்கு ஒரு திருப்தி. பெயர்க்காரியின் அப்பா என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டில் வாயே திறக்காத பிள்ளையை மேடையேற்றிவிட்டீர்கள் என்றார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சிதம்பரம் பஸ்ஸில் சிறுமி என்னிடம் எதையும் கேட்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் தானாகவே அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கோயிலுக்கு வடக்கே இருக்கிற ஒரு பள்ளியில் போட்டி. பெரிய பள்ளிப் பிள்ளைகள் ஜிகினா உடுப்பும் அட்டைக் கிரீடமுமாக வந்திருந்தார்கள். இவள் சீருடையில் நின்று கதையைச் சொன்னாள். பெயர் கேட்டபோது தடுமாறவே இல்லை. இரண்டாம் பரிசு.

சான்றிதழை அங்கேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். மேசையில் இருந்த ஆசிரியரிடம் பெயரைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். எழுத்துப் பிழையா என்றார். இல்லை, பெயரே வேறு என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆள் மாறி வந்திருந்தால் பரிசு ரத்தாகும், மேலே எழுத வேண்டி வரும், உங்களுக்கும் உங்கள் தலைமையாசிரியருக்கும் மெமோ வரும், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, எனக்கு வழிவிட்டுத்தான் சொன்னார். பரிசு பறிபோனால் பிள்ளை உடைந்துவிடுவாள் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மெமோவுக்குப் பயந்தேன். தவறாகக் கேட்டுவிட்டேன் சார் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சிறுமி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பும்போது சான்றிதழை மடியில் வைத்து முழுவதையும் ஒருமுறை படித்தாள். அடுத்த வாரம் உன் பெயர் வந்துவிடும் என்றேன். "சரி டீச்சர்" என்றாள். அதன்பிறகு அவள் தூங்கிவிட்டாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள்.

நிறுத்தத்தில் அவளுடைய அம்மா நின்றுகொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்; கேண்டீன் தொப்பி இன்னும் தலையில் இருந்தது. மாவட்டத்திலேயே இரண்டாவது என்று சொன்னேன். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கினார். மேலேயிருந்து கீழே வரை பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எம் பொண்ணு பேரு எங்க இருக்குது டீச்சர்? கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்று எழுத ஆசைதான், வரவில்லை. அதற்குள் சிறுமி எட்டி விரலை வைத்தாள்.

"இங்கம்மா."

பெயர் அச்சாகியிருந்த இடத்தில் சரியாகத்தான் வைத்தாள். அம்மா தன் கருத்த விரலை அந்த எழுத்துகளின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். "முன்னாடி ஒத்தையா ஒரு எழுத்து நிக்குதே, அது இன்னா?"

"அது அப்பாவோடது" என்றாள் சிறுமி.

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.