துடைக்காத முகம்

மகளுக்கு அப்போது இரண்டு வயது. குறைமாதத்தில் பிறந்து, மூக்குக் குழாய் வழியே பால் இறங்கி வளர்ந்தவள். குழாயைக் கழற்றிய பிறகும் கரண்டியைக் கண்டால் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். அடுத்த மாதமும் நிறை ஏறாவிட்டால் மறுபடி குழாய்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வாரா வாரம் புசல்லாவையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ். வளைவு, மழை, மறுபடி வளைவு. மடியில் இருக்கிறாளா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், அவ்வளவு இலேசு.

"கதை எழுதுற நேரத்துல ரெண்டு வாய் ஊட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி. ஊட்டித்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைச் சாப்பிடப் பழக்கும் மிஸ் கட்டுகஸ்தோட்டைக்காரர். "வீட்டுல ஊட்டுற மாதிரியே ஊட்டுங்க. நான் சும்மா பாக்குறேன்."

மசித்த பூசணி. ஒரு கரண்டி, துடைத்தேன். நாடியில் ஒரு துளி, துடைத்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் தொடைச்சிக்கிட்டே இருக்கீங்க?"

"அழுக்கா இருப்பாளே மிஸ்."

"இருக்கட்டுமே. குழாய்க்கு பிளாஸ்டர் ஒட்டி ஒட்டிப் பிய்ச்ச கன்னம். வாயத் தொறந்தா துணி வரும்னா, யாரு தொறப்பா?"

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து டவுன் பள்ளிக்குப் போனவன் நான். தோட்டத்துப் பிள்ளைகள் அழுக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, எரியும்வரை ஈரத்துணியால் என் முகத்தைத் தேய்த்து அனுப்புவார் அம்மா. அந்தப் பயத்தை அன்பென்று நினைத்து மகளின் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்பும்தான் அது. அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

மிஸ் துணியை வாங்கி வைத்துவிட்டு, பூசணியை மேசையில் பரப்பினார். மகள் வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரல். பிறகு முழுக் கை. காது, தலைமுடி. என் கை தானாக எழுந்தது. மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பேசாம இருங்க."

விரல் வாய்க்குள் போனது. வேண்டாமென்று மிஸ் கண்ணைக் காட்ட, யாரும் கைதட்டவில்லை.

வீட்டிலும் அப்படியே. பாயெல்லாம் சோறு. அடுத்த மாதம் தராசில் ஒரு பிடி அரிசியளவு ஏறியிருந்தாள். "குழாய் வேணாம். பாப்போம்" என்றார் டொக்டர்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி மகள் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தாள். மூக்குவரை பூசிக்கொண்டாள். முன் ஆசனத்திலிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"புள்ள மூஞ்சியத் தொடைச்சு விடக் கூடாதா?"

என் காது சுட்டது.

"அவ சாப்பிடுறாங்க" என்றாள் மனைவி.