பன்னீர் இலையும் எச்சில் டெஸ்ட்டும்

போன வாரம் செம்பூர் சிக்னல் அருகே என் மகளின் ஸ்கூல் வேனைப் போலீஸ் நிறுத்தியது. அன்று பேரன்ட்ஸ் மீட்டிங். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காமல் நானும் வேனிலேயே தொற்றிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் சுடலைமுத்து. தாராவிவாசி, பூர்வீகம் திருச்செந்தூர் பக்கம். எங்கள் பில்டிங் பிள்ளைகளைப் பல வருஷமாக ஏற்றி இறக்குகிறவர். பீடி வாசனைகூட அவருக்கு ஆகாது.

முன்பெல்லாம் மெஷினில் ஊதச் சொல்வார்கள். ஊதினால் முடிந்தது. இப்போது போதைப்பொருளுக்கும் ரோட்டிலேயே டெஸ்ட். வாய்க்குள் ஒரு குச்சியை விட்டு எச்சில் எடுக்கிறார்கள். யாருக்கு? பார்த்தால் சந்தேகம் வருகிறவர்களுக்கு. சுடலைமுத்துவுக்குக் கண் சிவந்திருந்ததாம்! விடியுமுன் எழுந்து குழாயடியில் நிற்கிறவருக்குக் கண் வேறு என்ன நிறத்தில் இருக்கும்?

கான்ஸ்டபிள் அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். மடித்த காய்ந்த இலை ஒன்று வந்தது. பிரித்தால்... உள்ளே வெள்ளைப் பொடி!

திருச்செந்தூர் கோயிலில் விபூதியைப் பன்னீர் இலையில் வைத்துத் தருவார்கள். நமக்குத் தெரியும். அந்த மராட்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

“பத்தா பீ ஹை, பவுடர் பீ ஹை!” என்றார் குஷியாக. இலையும் இருக்கிறது, பொடியும் இருக்கிறது... அவருக்கு வேறென்ன வேண்டும்?

“சாமி விபூதி, சாப்” என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினார் சுடலைமுத்து. கான்ஸ்டபிள் சிரித்தார். நம்மவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது விபூதிதான் என்று நிரூபிக்க, சின்ன வயதிலிருந்து செய்கிறதைச் செய்தார் — ஒரு சிட்டிகை நெற்றியில், ஒரு சிட்டிகை வாயில்!

அட மனுஷா! நெற்றியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

“கா கயா! கா கயா!” என்று கான்ஸ்டபிள் கத்தினார். ஆதாரத்தையே தின்றுவிட்டானாம். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் என்றால் போன்கள்தானே! சாம்பல் பூசிய வாயைக் கொப்பளிக்க வைத்து, நடுரோட்டில் நிற்க வைத்து, குச்சியை விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குட்டிப்பெண் என்னிடம் கேட்டாள், “ஆன்ட்டி, அங்கிள் திருடரா?”

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் வேண்டும். என் மகள் ஏறுகிற வண்டியை ஓட்டுகிறவர் தெளிவாக இருக்கிறாரா என்று யாராவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பைக்குள் கைவிடுமுன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ஓரமாக அழைத்துப்போய் எடுத்தால் எச்சில் ஊறாதா? அந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடி கார்கள் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குள் இருக்கிறவர்களுக்குக் கண்ணே சிவக்காதா?

ரிசல்ட் நெகட்டிவ். “சலோ, ஜாவ்” என்று கையை ஆட்டினார் கான்ஸ்டபிள். ஸாரி எல்லாம் கிடையாது. கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது.

நாங்கள் வீடு சேருமுன் வீடியோ பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து சேர்ந்திருந்தது. ‘ரிசல்ட் நெகட்டிவ், நான் அங்கேயே இருந்தேன்’ என்று டைப் செய்தேன். கட்டைவிரலை உயர்த்தி இரண்டு பேர் பதில் போட்டார்கள். ‘இருந்தாலும்... குழந்தைங்க விஷயம் பாருங்க’ என்றார் மூன்றாமவர். மறுநாள் காலை வேறொரு வேன் வந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். குரூப்பில் யாரும் அசையவில்லை.

சுடலைமுத்துவுக்கு போன் செய்தேன். வேறு ஸ்கூல்களில் வேலை கேட்டுப் பார்த்தாராம். அங்கேயும் வீடியோ போயிருக்கிறது.

“டெஸ்ட்டு எடுத்ததுல எனக்கு வருத்தமில்ல மேடம். வாயில குச்சிய வச்சப்போ அத்தன பேரு படம் புடிச்சாவ. ‘ஒண்ணுமில்ல, போ’ன்னு சொன்னப்போ, ஒருத்தருகூட புடிக்கலியே?”