ரோகினி வைத்த பெயர்

பிள்ளையைப் பார்க்க முதலில் வந்தவள் விமலா. பத்தியத்துக்கு வேண்டிய பூண்டு, மிளகு, சுறாக் கருவாடு எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு சிரம்பான் பக்கத்து ராசாவிலிருந்து தானே காரோட்டி, ரந்தாவ் ஊருக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்த லயத்து வீட்டுக்கு வந்து இறங்கினாள். ரோகினியின் கணவன் புவனேஸ்வரனுக்கு அவள் அக்காள். தாய் போன பிறகு தம்பியை வளர்த்து, லாரி லைசென்ஸ் எடுக்க வைத்து, பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அவள்தான். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை.

கட்டிலில் கிடந்த பிள்ளையின் மேலிருந்த துணியை விலக்கினாள். மேலுதடு ஒரு பக்கம் மூக்குவரை பிளந்திருந்தது. வாயைத் திறந்து அழுதபோது உள்ளே அண்ணமும் கூடாமல் இருப்பது தெரிந்தது. விமலா துணியை எடுத்து முகத்தோரமாக இழுத்துவிட்டாள்.

"கிரகணத்தன்னிக்கு எதையாச்சும் நறுக்கினியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ரோகினிக்குப் பொய் வரவில்லை.

"கொய்யாக்கா நறுக்கினேன் அண்ணி. நிவா கேட்டு அழுதுச்சி."

"போன் போட்டு அம்புட்டு தூரம் சொன்னேன். கத்தியத் தொடாத, வெளிய வராதன்னு. ஒரு கொய்யாக்காவுக்கு ஆசப்பட்டு பிள்ள வாயக் கிழிச்சிட்டீங்களே!"

"ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, உதடெல்லாம் ரெண்டாவது மாசமே சேந்திரணுமாம். கிரகணத்தப்ப எனக்கு அஞ்சாவது மாசம்."

"டாக்டருக்கு என்னா தெரியும்?"

புவனேஸ்வரன் வாசலில் நின்று லாரிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நான்கு வயது நிவாஷினி, அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ரோகினிக்கு எதையும் யோசிக்க நேரமில்லை. பிள்ளையால் உறிஞ்ச முடியாது. பாலைப் பீச்சி, ஆஸ்பத்திரியில் கொடுத்த அமுக்கும் புட்டியில் ஊற்றி, நிமிர்த்தி உட்காரவைத்த மாதிரி பிடித்துக்கொண்டு கொஞ்சங் கொஞ்சமாக அமுக்க வேண்டும். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடியும் அமுக்க வேண்டும். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் கிளினிக் நர்ஸ் எடை பார்க்க வந்தபோது, "ஏறுது, ஏறுது, விட்டுறாதீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை ரோகினிக்குப் பத்தியச் சோற்றைவிடத் தெம்பாக இருந்தது.

நிவாஷினிதான் மாறிப்போனாள். வயிற்றில் காது வைத்துத் தம்பியிடம் கதை பேசியவள், இப்போது கட்டில் பக்கமே வருவதில்லை. கூப்பிட்டால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றாள். பொறாமை, மூத்த பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று ரோகினி நினைத்தாள்.

ஒரு மத்தியானம் அவளுக்குப் பப்பாளி நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். நிவாஷினி தட்டைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம்."

"உனக்குப் பிடிக்குமே. சாப்பிடு லா."

"வேணாம்மா. நான் பழம் கேட்டா தம்பிக்கு இன்னும் கிழிஞ்சிரும்."

ரோகினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மூன்று வாரமும் இந்தப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடமாடியிருக்கிறது. நாத்தனார் சொன்னதையெல்லாம் தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று ரோகினி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அழுகை வரவில்லை. கோபம் வந்தது, காது மடல் சுடுகிற கோபம்.

வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு கொய்யாக்காயைப் பறித்து வந்தாள். பச்சை உடம்பு என்பதெல்லாம் நினைவில்லை. கட்டிலில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிவாஷினியை உட்காரவைத்து, "தம்பி வாயையே பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டுக் கத்தியால் நறுக்கினாள். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. பிள்ளை கொட்டாவி விட்டது. நிவாஷினி வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் அந்தப் பிளவின் ஓரத்தை மெல்லத் தொட்டாள்.

"அப்படியேதாம்மா இருக்கு."

"கத்தியால வந்ததில்ல அது. உன்னாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. வயித்துக்குள்ளயே அப்படி ஆகிப்போச்சி. டாக்டர் தச்சிருவாரு. அழுவாத, சாப்பிடு."

உப்பு மிளகாய்த் தூள் தொட்டு அவள் இரண்டு துண்டு தின்றாள். பிறகு தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுப் பெயர் வைப்பதை வீட்டோடு முடித்துக்கொள்வது என்று விமலா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். வெளியாட்கள் வேண்டாம், ஆபரேசன் முடிந்த பிறகு பெரிதாகச் செய்துகொள்ளலாம். ரோகினியும் அப்போது சரி என்று தலையை ஆட்டியிருந்தாள். கொய்யாக்காய் நறுக்கிய நாளின் சாயங்காலம் புவனேஸ்வரன் செம்பனைக் குலைகளை ஆலையில் இறக்கிவிட்டு வந்ததும், கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"முப்பது கோயில்லதான். தோட்டத்துல எல்லாருக்கும் சொல்லிருங்க."

"அக்கா வேணாம்னுச்சே."

"அண்ணிய நான் பாத்துக்கிறேன்."

"ஆளுங்க பேசுவாங்க, ரோகினி."

"இப்ப மட்டும் பேசாம இருக்காங்களா? மூடி வச்சா, நிவா அது தப்புன்னுதான் நெனைக்கும். அதுக்கு என்னா ஆச்சி தெரியுமா உங்களுக்கு?" பப்பாளித் தட்டுக் கதையைச் சொன்னாள்.

அவன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதுவரை பிள்ளையை ஒரு போட்டோகூட எடுக்காதவன், அன்றைக்கு இரண்டு பேரையும் சேர்த்து எடுத்து, லாரிக்காரர்களின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்.

மாரியம்மன் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. விமலா கடைசிவரை வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தொட்டில் கட்டும்போது வந்தாள். கையில் சரிகை போட்ட ஒரு சின்னத் துண்டு. கும்பிட்டுவிட்டு அதைப் பிள்ளையின் முகத்தில் பாதி மறைகிற மாதிரி போர்த்தினாள்.

ரோகினி துண்டை எடுத்து மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

"காத்து வரட்டும் அண்ணி."

பூசாரி, "பேரு என்னாம்மா?" என்று கேட்டார்.

"திருநாவுக்கரசு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கங்காணி வீட்டு வீரமுத்து, சிரிக்காமல் கவலையாகவே சொன்னார்: "பேசறதுக்கே சிரமப்படுற பிள்ளைக்கு ஏம்மா இந்தப் பேரு? நாளைக்கு ஸ்கூல்ல கேலி பண்ணுவானுங்க."

"என்னா பேரு வச்சாலும் பண்ணுவானுங்க மாமா. தன் பேர அவனே சொல்லிப் பழகட்டும். எத்தன நாளானாலும் சரி."

அவள் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். பூசாரி சொல்வதற்குக் காத்திருக்காமல் புவனேஸ்வரனும் குனிந்து சொன்னான். பிறகு ரோகினி பிள்ளையைத் தொட்டிலில் போடாமல், தூக்கிக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவரிடமும் போனாள். பார்க்காமல் திரும்பிக்கொண்டவர்கள் முன்னால் பார்க்கும்வரை நின்றாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அக்காதான் முதலில் கையை நீட்டினாள். "குடு இப்படி. அடேயப்பா, கனக்குறானே! பால் குடிக்கமாட்டான்னாங்க?" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளை கைக்குக் கை மாறியது. நிவாஷினி கூடவே நடந்து, "தல நிமித்திப் பிடிங்க, இல்லன்னா மூக்குல வரும்" என்று எல்லாரையும் அதட்டினாள்.

விமலா சாப்பிடாமல் போய்விட்டாள்.

உதட்டுத் தையல் அந்த வருடமே நடந்தது. பிள்ளையை உள்ளே கொண்டுபோன பிறகு ஆஸ்பத்திரி நாற்காலியில் ரோகினி கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கே வந்தது. புவனேஸ்வரனின் தோளில் முகத்தை வைத்து, சத்தம் வராமல் அழுதாள். கஞ்சிப் போணியோடு விமலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று எதுவும் அவள் கேட்கவில்லை. "குடி, பால் வத்திரப் போவுது" என்றாள்.

ரோகினி குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாங்க போங்க அண்ணி, எப்பவும் போல. ஆனா பிள்ளைங்க முன்னாடி கிரகணப் பேச்சு எடுத்தா, அன்னிக்கோட சரி."

விமலா போணியை வாங்கி மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

அண்ணத்தையும் அடுத்து மூடினார்கள். இப்போது பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. பேச்சில் கொஞ்சம் மூக்கொலி இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்குச் சிரம்பான் போய் வருகிறார்கள். ஈறில் இன்னொரு ஆபரேசன் பள்ளிக்கூட வயதில் இருக்கிறதாம். ரந்தாவ் பசாரில் மீன் வாங்கும்போது இன்னமும் யாராவது அவன் உதட்டுத் தழும்பைப் பார்த்து, "ஐயோ பாவம், என்னா ஆச்சி?" என்று கேட்பதுண்டு. மனசு நன்றாக இருக்கிற நாளில் ரோகினி பொறுமையாக விளக்கிச் சொல்வாள். இல்லாத நாளில், "பாவம் ஒண்ணும் இல்ல லா" என்று சொல்லிவிட்டு மீனைப் புரட்டிச் செவுளைப் பார்ப்பாள்.